தூண்டில் கோலில் நெய்த படம் ஏன் சாய்கிறது?

கைப்பட உருவாக்கிய தூண்டில் கோல் ஒன்றை எடுத்துப் பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடம், கைப்பிடிக்குச் சற்று மேலே உள்ள பகுதிதான். கட்டைவிரல் பருமனுள்ள தண்டின்மேல், கண்ணாடிபோல் மின்னும் எபாக்ஸி என்னும் பிசின் பூச்சுக்கு அடியில், ஒரு மீன் வாலை வளைத்துத் துள்ளும். அல்லது கோலுக்கு உரியவரின் பெயர் எழுத்தெழுத்தாக அமர்ந்திருக்கும். அது தூரிகையால் தீட்டியதும் அன்று, தாளில் எடுத்து ஒட்டியதும் அன்று. மெல்லிய நூல் இழைகளை அந்த உருண்டைத் தண்டின்மேலேயே, ஒரு சுற்றுக்கு அடுத்து ஒரு சுற்றாக நெய்து உருவாக்கிய படம். தமக்கு வேண்டிய கோலைத் தாமே கட்டிக்கொள்ளும் பழக்கம் வேரூன்றியுள்ள அமெரிக்காவில் இது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது.

இந்தக் கலையில் புதிதாக இறங்குபவர், நிறத் தேர்விலும் படத் தேர்விலும்தான் சிரமம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தொடங்குவார். ஆனால் பல மணி நேரம் குனிந்து நெய்து முடித்த பிறகு கோலை நிமிர்த்திப் பார்க்கும்போது, மீனின் தலை கோலின் மேற்பக்கத்திலும் வால் பக்கவாட்டிலும் கிடப்பதைக் கண்டு திகைப்பார். ஒவ்வொரு வரிசையும் சரியாகவே நெய்யப்பட்டிருக்கும். ஓர் இழைகூடத் தவறியிருக்காது. இருந்தும் படம் முழுவதும் ஒரு கொடிபோலத் தண்டைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும். இது கைநடுக்கத்தாலோ கவனக்குறைவாலோ வருவது அன்று. இந்த நெசவின் அமைப்பிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டவர் மிக எளிய பொருட்களைக் கொண்டே படத்தை நேராக நிறுத்திவிட முடியும்.

முதலில் கோலின் உறுப்புகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கண்ணாடியிழையாலோ கார்பன் இழையாலோ செய்யப்பட்ட, உள்ளே கூடான, நுனியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும் வெற்றுத் தண்டை, கோல் கட்டுபவர்கள் பிளாங்க் என்கிறார்கள். அதன் அடியில் கைப்பிடியும், நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலைப் பொருத்தும் இருக்கையும் வரும்; நீளவாட்டில் தூண்டில் நரம்பு ஓடுவதற்கான வளையங்கள் வரும். வளையங்களின் பாதங்களைத் தண்டோடு பிணைப்பது நூல்தான். அதே நூல்தான் அலங்காரத்துக்கும் பயன்படுகிறது. இந்த நூல்கள் எழுத்துகளால் அளவிடப்படுகின்றன: ஏ அளவு நைலான் நூல் சுமார் 0.15 மி.மீ. தடிமன் உள்ளது, டி அளவு சுமார் 0.25 மி.மீ. இந்த இரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் எளிதாகிவிடும்.

நூல் அலங்காரத்தில் இரண்டு குடும்பங்கள் உண்டு. நூலைத் தண்டின்மேல் குறுக்கும் மறுக்குமாகச் சாய்வாகச் சுற்றி, சந்திக்கும் இடங்களில் வைர வடிவங்களை எழச் செய்வது ஒன்று. அங்கே முன்கூட்டியே குறித்த கோட்டின்மேல் எல்லாச் சந்திப்புகளும் விழுந்துவிட்டால் போதும். வடிவம் தானாக நேராகிவிடும். பிழை நேர்ந்தால் அது குறித்ததில் நேர்ந்த பிழையாகவே பெரும்பாலும் இருக்கும். மற்றொன்று நெசவு. இங்கே குறித்த கோடு சரியாக இருந்தும் படம் அதைவிட்டு மெல்ல மெல்ல விலகிப் போகும் என்பதால், இதற்குத் தனியாக விளக்கம் தேவைப்படுகிறது.

தறியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நீளவாட்டில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. தூண்டில் கோலின் நெசவிலும் அதே இரண்டும் உண்டு. தண்டின் நீளத்தோடு ஒட்டிப் படுக்கும் இழைகள் பாவு. தண்டைச் சுற்றிச் சுற்றி வரும் ஒற்றை நூல் ஊடை. பாவு இழைகளின் ஒரு முனையை ஊடையின் முதல் 15 சுற்றுகளுக்கு அடியில் சிக்கவைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், கண்ணுக்குத் தெரியவேண்டிய இழைகளை மட்டும் நெய்து முடித்த பக்கமாக மடக்கித் தூக்கிவிட்டு, மறையவேண்டியவற்றைத் தண்டின்மேல் அப்படியே கிடக்கவிட்டு, ஊடையை ஒரு முறை சுற்றிக் கொண்டுவர வேண்டும். தூக்கிய இழைகளை மறுபடி முன்னால் படுக்கவைத்தால் அவை அந்தச் சுற்றின்மேல் தெரியும். கிடந்தவை அதற்கு அடியில் மறையும். இரண்டு நிறங்கள் வேண்டுமென்றால் ஒவ்வோர் இடத்திலும் நிறத்துக்கு ஒன்றாக இரண்டு இழைகள் கிடக்கும். வேண்டிய நிறம் மேலே வரும், மற்றது அடியில் தங்கும்.

படத்தைக் கட்டத்தாளில் வரைந்துகொள்வார்கள். ஒரு நெடுக்கு வரிசை ஒரு பாவு இழையையும், ஒரு கிடை வரிசை படத்தின் ஒரு வரியையும் குறிக்கும். ஓர் இழை பல சுற்றுகளுக்கு மேலேயே மிதந்தால் தளர்ந்துவிடும் ஆகையால், ஒரு வரியை இரண்டு சுற்றுகளில் நெய்வது பரவலான முறை: முதல் சுற்றில் 1, 3, 5 என ஒற்றைப்படை இழைகள் மேலே வரும், அடுத்த சுற்றில் அவை அடியில் போய்க் கட்டுண்டு, இரட்டைப்படை இழைகள் மேலே வரும். மொத்த இழைகளின் எண்ணிக்கையை ஒற்றைப்படையாக வைத்துக்கொள்வது நல்லது. 31 இழைகள் என்றால் 16ஆவது இழை சரியாக நடுவில் நிற்கும். படம் நேராகப் போகிறதா என்று பார்ப்பதற்கு அந்த ஓர் இழையே சாட்சியாகும்.

இனி சாய்வதற்கான காரணத்துக்கு வரலாம். சுற்றும் நூலே சற்றுச் சாய்வாகத்தானே முன்னேறுகிறது, அதனால்தான் படமும் சாய்கிறது என்று நினைப்பது இயல்பு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். 16 மி.மீ. விட்டமுள்ள தண்டின் சுற்றளவு சுமார் 50 மி.மீ.; ஏ அளவு நூல் ஒரு முழுச் சுற்றுக்கு முன்னேறுவது 0.15 மி.மீ. மட்டுமே. அந்தச் சாய்வு கால் பாகையைக்கூடத் தொடாது. மேலும் அது ஒவ்வொரு வரிசையையும் ஒரே அளவில் சாய்க்குமே தவிர, வரிசைக்கு வரிசை சேர்ந்துகொண்டே போகாது. ஆகவே குற்றவாளி அதுவன்று.

உண்மைக் காரணம், இந்த நெசவு தறி நெசவைத் தலைகீழாக்குகிறது என்பதுதான். தறியில் பாவு இரு முனைகளிலும் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அச்சு எனப்படும் சீப்பின் பற்கள் ஒவ்வோர் இழையையும் அதனதன் இடத்தில் பிரித்து நிறுத்தியிருக்கும். ஊடையோ, குறுக்கே ஓடும் நாடா என்னும் ஓடத்திலிருந்து தளர்வாக வந்து விழுந்து, அச்சு அடிக்கும்போது போய்ச் சேர்ந்துகொள்ளும். அதாவது நேராக நிற்கவேண்டிய இழை விறைப்பாகவும், அதன் ஊடே போகும் இழை தளர்வாகவும் இருக்கின்றன. விறைத்தது இடம் மாறாது, தளர்ந்தது விட்டுக்கொடுக்கும். தூண்டில் கோலில், ஊடைதான் விறைப்பாக இழுத்துச் சுற்றப்படுகிறது. பாவு இழைகளை ஒவ்வொரு சுற்றுக்கும் தூக்கவும் படுக்கவைக்கவும் வேண்டியிருப்பதால் அவற்றின் மறுமுனை தளர்ந்தே கிடக்கிறது. அவற்றைப் பிரித்து நிறுத்த அச்சும் இல்லை. விறைப்பான ஊடை தளர்வான பாவுக்குமேல் வந்து இறுகும்போது, தான் போகும் திசையில் அதை ஒரு நூலிழையினும் நுண்ணிய அளவுக்குத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது.

அந்த நுண்ணிய அளவை எண்ணாக்கிப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 0.02 மி.மீ. நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கண்ணாலும் அதைப் பார்க்க முடியாது. வரிக்கு இரண்டு சுற்று வீதம் 150 வரிகள் கொண்ட ஒரு மீனை நெய்தால் 300 சுற்றுகள். நகர்வு எப்போதும் ஒரே திசையில் இருப்பதால் அது முழுவதும் கூடிக்கொண்டே போகும்: 300 சுற்றுகளின் முடிவில் 6 மி.மீ. சுற்றளவு 50 மி.மீ. உள்ள தண்டில் அது ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, 43 பாகை. டி அளவு நூலில் 31 இழைகளை அடுக்கினால் பாவின் மொத்த அகலமே 8 மி.மீ.க்குச் சற்றுக் குறைவுதான். மீன் தன் உடல் அகலத்தில் முக்கால் பங்கு அளவுக்கு விலகிப் போயிருக்கிறது என்று பொருள். தலையில் தொடங்கியபோது இல்லாத பிழை வாலில் வந்து நிற்பது இப்படித்தான்.

நகரும் திசையையும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதற்கு எதிர்த்திசையில்தான் மாற்று செய்ய முடியும். தண்டின் மேற்பரப்பு உங்களை நோக்கி வரும்படி கோலை உருட்டினால், தண்டைப் பொறுத்தவரை நூல் உங்களிடமிருந்து விலகும் திசையில் சுற்றிப் போகிறது. பாவும் அந்தப் பக்கமே இழுபடும். கோலை அசையாமல் வைத்து நூலைக் கையால் சுற்றுபவருக்கு, கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்.

இதைப் புரிந்துகொண்டால், செய்யவேண்டியவை எல்லாம் அதிலிருந்தே பிறக்கும். பாவுக்குத் தறியில் கிடைக்கும் விறைப்பையும் அச்சின் பிடியையும் ஏதாவது ஒரு வழியில் கொடுக்க வேண்டும். ஊடையின் இழுவையைக் குறைக்க வேண்டும். நகர்வு கூடிப் பெருகுவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடே சாய்ந்திருந்தால் மற்ற முயற்சிகள் வீண். ஆகவே இதற்கு அரைமணி நேரம் செலவிடத் தயங்கக் கூடாது. வெற்றுத் தண்டுகள் பெரும்பாலும் அம்புபோல் முழு நேராக இருப்பதில்லை. கண்ணருகே பிடித்து நுனி நோக்கிப் பார்த்தால் மெல்லிய வளைவு தெரியும். அந்த வளைவு மேல்கீழாக அமையும்படி தண்டைத் திருப்பி வைத்தால், மேலிருந்து பார்க்கும்போது அது நேராகத் தோன்றும். வளையங்கள் நிற்கவேண்டிய வரிசையும், படத்தின் நடுக்கோடும் இந்த நிலையை ஒட்டியே தீர்மானிக்கப்பட வேண்டும். ஸ்பின்னிங் ரீல் பொருத்தும் கோலில் ரீலும் வளையங்களும் கீழே தொங்குவதால், மீன்பிடிப்பவரின் கண்ணுக்குத் தெரியும் மேற்பக்கத்தில், வளையங்களுக்கு நேர் எதிரே படம் அமைவது பொருத்தம்.

உருண்டைத் தண்டின்மேல் நேர்க்கோடு போடுவது தாளில் போடுவதுபோல் எளிதன்று. அளவுகோலை வைத்தால் உருளும். கண்ணால் மட்டும் பார்த்துப் போட்டால் கோடு தண்டைச் சுற்றிக்கொண்டு போகும். இதற்கு நான் அறிந்தவற்றுள் சிறந்த கருவி, இரும்புக் கடையில் கிடைக்கும் எல் வடிவ அலுமினியப் பட்டை. ஓர் அடி நீளத் துண்டைத் தண்டின்மேல் ஓட்டு வீட்டுக் கூரைபோல் கவிழ்த்து வைத்தால், அதன் இரு சிறகுகளும் தண்டைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நிற்கும். தண்டு சிறுத்துக்கொண்டே போனாலும் அதன் முதுகு தண்டின் நடுவோடு ஒத்தே போகும். சிறகின் விளிம்பை ஒட்டி மெழுகுப் பென்சிலால் கோடு இழுத்துவிட்டால், படம் வரும் நீளத்துக்கு நம்பத்தக்க ஒரு கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டிலிருந்து தண்டின் எதிர்ப்பக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒரு தாள் நாடாவைத் தண்டைச் சுற்றி அளந்து, சரிபாதியாக மடித்து, மடிப்பு விழும் இடத்தைக் குறித்தால் போதும்.

நடுக்கோட்டை மட்டும் போட்டுவிட்டு நெய்யத் தொடங்கினால், பாவு இழைகள் அதை மூடிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. நடுக்கோட்டுக்கு இருபுறமும் சம தூரத்தில், பாவின் அகலத்தைவிட ஒவ்வொரு பக்கமும் ஒரு மி.மீ. கூடுதலாக விட்டு, ஒடுக்கமான மாஸ்கிங் டேப் துண்டுகளை நீளவாட்டில் ஒட்டிவைப்பது நல்ல வழி. அவை ஒரு சந்தின் இரு சுவர்கள்போல நிற்கும். பாவின் ஓரம் எந்தச் சுவரை நெருங்குகிறது என்பது ஒரு பார்வையில் தெரியும். நெசவு முன்னேற முன்னேற டேப்பைச் சிறிது சிறிதாக வெட்டி உரித்துக்கொண்டே போகலாம்.

அடுத்தது தொடக்கம். பாவு இழைகளை ஒவ்வொன்றாகத் தண்டின்மேல் வைக்க முயல்வதைவிட, மேசைமேல் ஒரு மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் மேலாக வைத்து, இழைகளை ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் வரிசையாக அதில் பதித்து, பிறகு முழுவதையும் தண்டுக்கு மாற்றுவது எளிது. இழைகளை நெருக்கித் திணிக்கக் கூடாது. இடம் போதாத இழை பக்கத்து இழையின் முதுகில் ஏறும், ஏறியது மறுபக்கம் வழுக்கும், அதோடு வரிசையே குலையும். 16ஆவது இழை நடுக்கோட்டின்மேல் சரியாகப் படுத்திருக்கிறதா என்று பார்த்த பிறகே பிணைக்கும் சுற்றுகளைத் தொடங்க வேண்டும். நெய்யப்பட்ட பகுதியின் பிடி எதுவும் இன்னும் இல்லாததால், இழைகள் மிக எளிதாக நகர்வது இந்த முதல் 15 சுற்றுகளில்தான். அவை சாய்ந்து அமைந்துவிட்டால், பிறகு எவ்வளவு கவனமாக நெய்தாலும் பாவு அந்தச் சாய்வைத் தொடரவே விரும்பும். எனவே பிணைப்பு முடிந்ததும், படத்தின் முதல் வரியைத் தொடங்குவதற்கு முன், எல்லா இழைகளையும் ஒன்றாகப் பிடித்துக் கோட்டை நோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். அவை தாமாகவே கோட்டின்மேல் விழுந்தால் நல்லது. ஓரத்துக்குப் போக எத்தனித்தால் பிரித்துவிட்டு மறுபடி தொடங்குவதே சிக்கனம்.

நெய்யும்போது கையாளவேண்டிய வழக்கங்களுள் ஒன்றை மட்டும் கற்றுக்கொடுக்க எனக்கு வாய்ப்பிருந்தால், நான் இதைத்தான் சொல்வேன்: ஊடையைப் பாவின்மேல் வைத்து இறுக்காதீர்கள். பாவின்மேல் வரும்போது நூலைத் தளர்வாகக் கொண்டுவந்து படுக்கவைத்து, ஒரு விரலால் பாவை மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, நூல் தண்டின் பின்பக்கத்துக்கு, பாவே இல்லாத வெற்றுப் பகுதிக்குப் போன பிறகு அங்கே இறுக்க வேண்டும். இழுவை தோன்றும் நேரத்தில் பாவு விரலுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே அதனுடன் நகர முடியாது. இந்த ஒரு பழக்கம் கைவந்துவிட்டால், நகர்வின் பெரும்பகுதி நின்றுவிடும்.

ஊடையின் விறைப்பையும் குறைவாக வைக்க வேண்டும். வளையங்களைக் கட்டும்போது நூலை நன்றாக இறுக்குவது பழக்கம், ஏனென்றால் அங்கே மீனின் இழுப்பைத் தாங்கவேண்டியிருக்கிறது. நெசவு எந்தச் சுமையையும் தாங்குவதில்லை. சுற்றிய நூல்கள் தாமாகத் தளராமலும், நகத்தால் தள்ளினால் சற்று நகரக்கூடியதாகவும் இருக்கும் அளவே போதுமானது. இந்த நெகிழ்ச்சி பின்னால் திருத்தங்கள் செய்யவும் உதவும்.

பாவுக்கு விறைப்புக் கொடுப்பதற்கு, முன்னால் நீண்டு கிடக்கும் முனைகளைப் பிளவுகளுள்ள சீப்பு போன்ற ஒரு தாங்கியில் பிரித்து மாட்டிவைக்கலாம். தறியின் அச்சு செய்யும் வேலையை அது ஓரளவு செய்கிறது. அந்தத் தாங்கியின் நடுப் பிளவு தண்டின் நடுக்கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும் என்பது முக்கியம். இல்லாவிட்டால் அதுவே சாய்வுக்குக் காரணமாகிவிடும். தாங்கி இல்லாதவர்கள், ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எல்லா இழைகளையும் இரு விரல்களுக்கிடையே சேர்த்து, நகர்வுக்கு எதிர்ப்பக்கமாக ஒரு மயிரிழை சாய்த்து, முன்னோக்கி ஒரு முறை நீவிவிட்டால் போதும். தளர்ந்த ஓரிரு இழைகள் மற்றவற்றைத் தள்ளத் தொடங்குவதும் இந்த நீவலில் நின்றுவிடும்.

நான் முதன்முதலில் நெய்தது எட்டு எழுத்துகள் கொண்ட ஒரு பெயர். நெய்த ஐந்து நாட்களும் அது நேராக இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. வளையங்களைப் பொருத்திய பிறகுதான், கடைசி எழுத்து பக்கவாட்டில் இருப்பதைக் கண்டேன். நடந்தது என்னவென்றால், நெய்துகொண்டிருந்த எழுத்து எப்போதும் என் கண்ணுக்கு நேராக இருக்கும்படி, என்னையறியாமலேயே தண்டைச் சிறிது சிறிதாக உருட்டிக்கொண்டே போயிருக்கிறேன். படம் சாயச் சாய நானும் அதனுடன் சாய்ந்து பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு வளையத்தைத் தண்டின் நடுக்கோட்டின்மேல், நெசவுக்கு ஓரடி அப்பால், தற்காலிகமாக டேப்பால் ஒட்டிவைக்காமல் நான் நெய்யத் தொடங்குவதில்லை. சரிபார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த வளையம் செங்குத்தாக நிற்கும்படி கோலை வைத்து, ஒரு கண்ணை மூடி, நேர் மேலிருந்து நடு இழையைப் பார்க்கிறேன். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உருண்டைப் பரப்பு கண்ணை ஏமாற்றிவிடும்.

எத்தனை வரிக்கு ஒருமுறை சரிபார்ப்பது என்பதற்கும் முன்பு போட்ட கணக்கே விடை தருகிறது. சுற்றுக்கு 0.02 மி.மீ. என்றால், பத்து வரிகளில், அதாவது 20 சுற்றுகளில், 0.4 மி.மீ. நகர்ந்திருக்கும். அது டி அளவு நூலில் ஒன்றரை இழையின் அகலம். கண்ணுக்குத் தெரியும், திருத்தவும் முடியும். ஐம்பது வரிகளுக்குப் பிறகு பார்த்தால் 2 மி.மீ.; தெரியும், ஆனால் திருத்த முடியாது.

படம் விலகுவதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக்கூடிய வேறொரு கோணலும் உண்டு. பாவு இருக்கும் இடத்தில் ஊடை அந்த இழைகளின்மேல் ஏறி இறங்க வேண்டியிருப்பதால், அங்கே சுற்றுகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்வதில்லை. பின்பக்கத்தில் வெற்றுத் தண்டின்மேல் அவை நெருங்கி அமர்ந்துவிடும். இதனால் கிடை வரிசைகள் நடுவில் புடைத்து வில்போல் வளையும். எழுத்துகளின் கிடைக்கோடுகள் புன்னகைபோல் வளைந்து தெரிந்தால் காரணம் இதுவே. சில வரிகளுக்கு ஒருமுறை, முனை மழுங்கிய வழவழப்பான கருவி ஒன்றால், பாவின்மேல் உள்ள சுற்றுகளை நெய்து முடித்த பக்கமாகத் தள்ளி நெருக்க வேண்டும். நடுவில் தொடங்கி இரு ஓரங்களுக்கும் சமமாகத் தள்ள வேண்டும். ஒரே ஓரத்திலிருந்து தள்ளிப் பழகியவரின் வரிசைகள் எல்லாம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். அவர் அதைப் படம் விலகியதாக எண்ணிக்கொண்டு நடுக்கோட்டைக் குறை கூறுவார்.

கட்டத்தாளில் சதுரமாக இருக்கும் கட்டம் தண்டின்மேல் சதுரமாக வருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வரிக்கு இரண்டு சுற்று ஏ அளவு நூல் என்றால் கட்டத்தின் நீளம் 0.30 மி.மீ.; பாவும் ஏ அளவு என்றால் அகலம் 0.15 மி.மீ. படம் இரண்டு மடங்கு நீண்டுவிடும். பாவுக்கு டி அளவு எடுத்தால் அகலம் 0.25 மி.மீ. ஆகி, கட்டம் ஏறத்தாழச் சதுரமாகும். மெய்யான விகிதம் கைக்குக் கை மாறும் என்பதால், பயனற்ற ஒரு தண்டுத் துண்டின்மேல் இருபது வரிகள் நெய்து, அளந்து பார்த்து, அதற்கேற்பப் படத்தை வரைந்துகொள்வது நல்லது.

விலகல் தெரிந்துவிட்டால் என்ன செய்வது? ஓரிரு இழை அகலத்துக்கு உட்பட்டதென்றால், அடுத்த சில வரிகளில் எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாக நீவி, படிப்படியாகக் கோட்டுக்குக் கொண்டுவரலாம். ஒரே வரியில் திருப்பினால் படத்தில் முழங்கை மடங்கியதுபோல் ஒரு முறிவு விழும். அது விலகலைவிட அசிங்கமானது. விலகல் அதற்குமேல் போயிருந்தால் பிரிப்பதே முறை. மணிக்கணக்கில் நெய்ததைப் பிரிக்க மனம் வராது என்பதை நான் அறிவேன். ஆனாலும் கோல் உள்ளவரைக்கும் அந்தப் பிழை எபாக்ஸிக்கு அடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் இருக்கும். நெய்து முடித்த பின் படம் முழுவதும் சீராக ஒரு பக்கம் நகர்ந்திருந்தால், ஊடை தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கும்பட்சத்தில் இன்னும் ஒரு வழி உண்டு: இரு உள்ளங்கைகளாலும் நெசவைச் சூழப் பிடித்து, வழவழப்பான தண்டின்மேல் அதை மெல்லத் திருக்கினால், அது மொத்தமாகச் சில இழை அகலம் நகர்ந்து கொடுக்கும்.

பூச்சு வேலை தொடங்கிய பின் எதுவும் நகராது. நைலான் நூலில் எபாக்ஸி ஊறினால் நிறம் மங்கி ஊடுருவித் தெரியும். நெசவில் ஒவ்வோர் இழைக்கும் அடியில் வேறு நிற இழை இருப்பதால், அடியில் உள்ளது மேலே தெரிந்து படமே கலங்கிவிடும். அதைத் தடுக்க, நிறம் காக்கும் மெல்லிய பூச்சை எபாக்ஸிக்கு முன்பே பூசி உலரவிட வேண்டும். அந்தப் பூச்சின் முதல் கை உலர்ந்ததுமே நூல்கள் தண்டோடு பிணைந்துவிடும். எனவே தூரிகையை நனைப்பதற்கு முன், நெசவை ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டு, மறுநாள் காலை வெளிச்சத்தில் ரீலையும் தற்காலிக வளையத்தையும் பொருத்தி, மீன்பிடிக்கும்போது பிடிப்பதுபோலவே கோலைக் கையில் பிடித்து, நடு இழையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நகர்த்த வேண்டியது ஏதேனும் இருந்தால் அதைச் செய்ய அதுவே கடைசி வேளை.